சூட்டு உடம்புக்காரனுக்கு ஒரு படுக்கை

அன்புள்ள மகனுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, உனக்குக் கடிதம் எழுதுகிறேன். இதற்கு முதலில் மன்னித்துக்கொள். நேரில் சொல்லத்தான் பார்த்தேன். முந்தாநாள் நீ சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றேன். "என்ன சித்தி, இஸ்திரிப் பெட்டி வேணுமா?" என்று கேட்டாய். ஆமாம் என்று வாங்கிக்கொண்டு போய், ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்த புடவையை மறுபடியும் தேய்த்தேன். வகுப்பு நிறையப் பிள்ளைகள் முன்னால் நின்று பேசுகிறவள்தான் நான். ஆனால் வீட்டில் ஒருவரிடம் ஒன்றைச் சொல்ல எனக்குக் காகிதம் வேண்டியிருக்கிறது. உனக்கும் எனக்கும் பதினான்கு வயதுதான் வித்தியாசம் என்பதால், தாய் இடத்தில் உட்கார்ந்து அறிவுரை சொல்லும் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. உன் கல்யாணத்துக்கு நீ எடுத்துப்போகும் பெட்டியில், சட்டைகளுக்கு மேலே இதை வைக்கப்போகிறேன்.

விஷயம் மெத்தை. போன ஞாயிற்றுக்கிழமை மல்லிகா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் அப்பா உன் தோளைத் தட்டிச் சொன்னாரே, "மாப்பிள்ளை, புக்கிட் மேரா ஃப்ளாட்டுக்குக் கட்டிலும் ரப்பர் மெத்தையும் சொல்லியாச்சு. பெரிய ஹோட்டல்ல வெள்ளைக்காரன் படுக்கிறானே, அதே மெத்தை. மேல விரிக்க நைலான் விரிப்பு. கசங்கவே கசங்காது லா!" என்று. நீ சிரித்தாய், தேநீரைக் குடித்தாய், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் என்னிடம் சொன்னாய்: "சித்தி, அந்த ரப்பர்ல என்னால படுக்க முடியாது. வெந்துடுவேன். வேணாம்னு நீங்களே அவங்ககிட்டச் சொல்லிடுங்க. சொல்ல முடியலைன்னா விடுங்க. மெத்தை பாட்டுக்கு இருக்கட்டும், நான் பாட்டுக்குத் தரையில படுத்துக்கிறேன்."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மெத்தை வேண்டாம் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. "நான் பாட்டுக்குத் தரையில" என்றாய் பார், அதுதான் வீடு வந்து சேரும்வரை காதில் இருந்தது. அதே வேலையை இன்னொருவர் செய்ய, நான் கட்டிலில் படுத்தபடி ஒரு வருடம் பார்த்திருக்கிறேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்த கதை உனக்கு ஓரளவு தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கியதும் அப்பா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பட்டத்தைக் கேட்டதும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். உன் அப்பா ஒருவர்தான் முழுவதையும் குடித்தார். துறைமுகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர், மனைவி இறந்து மூன்று வருடம், பத்து வயதில் ஒரு பையன். பெண்ணிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டு வந்து, "நீங்க வேலைக்குப் போறதை நிறுத்த வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அந்த 'நீங்க' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கல்யாணமான பிறகும் அது மாறவில்லை. "நீங்க சாப்பிட்டீங்களா?" "நீங்க வர்ற நேரமாகும்னு பையன்கிட்டச் சொல்லிட்டேன்." பார்வதி அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "எங்க அண்ணன் பொண்டாட்டியையா கட்டிட்டு வந்திருக்கு? இன்ஸ்பெக்டரம்மாவையில்ல கூட்டிட்டு வந்திருக்கு!" என்பார்.

அப்போது நாம் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் இருந்தோம். பகலெல்லாம் ஓடு காயும், மாலையில் அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்கும். என் அப்பா எனக்குச் சீராக ஒரு ரப்பர் மெத்தை வாங்கிக் கொடுத்தார். நான்கு பேர் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் திருப்ப முடியாமல் நின்றதும், நீ மேலே நின்று "கயித்துல கட்டி ஜன்னல் வழியா இழுங்க" என்று யோசனை சொன்னதும் நினைவிருக்கிறதா? மெத்தை பிளாஸ்டிக் உறையோடு வந்தது. அப்பா என்னிடம் தனியாகச் சொன்னார்: "உறையைக் கழட்டிடாதேம்மா. அழுக்காயிடும். உறை இருந்தா இருபது வருஷத்துக்குப் புதுசாவே இருக்கும்." நானும் கழற்றவில்லை. உறைக்கு மேல் விரிப்பு போட்டேன். அந்த விரிப்பு டோபியிடமிருந்து கஞ்சி போட்டு அட்டை மாதிரி வரும். அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா அந்த மெத்தையில் படுக்கவில்லை. முதல் வாரம் மட்டும்தான் விடியும்வரை படுத்திருந்தார். பிறகு விளக்கை அணைத்து நான் தூங்கிவிட்டேன் என்று நினைக்கும் நேரத்தில் மெதுவாக எழுவார். பிளாஸ்டிக் சரசரக்கும். சுவரோரம் சுருட்டி வைத்திருந்த ஒற்றைப் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், சிமெண்டுத் தரையில் உன் பக்கத்தில் படுத்துக்கொள்வார். காலையில் நான் எழுவதற்கு முன் பாயைச் சுருட்டி வைத்துவிடுவார். ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த அறையில் உன் அம்மாவின் படம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பூ வைத்தது நான்தான். வைக்கும்போதெல்லாம் ஒன்றுதான் தோன்றும்: இவள் படுத்த இடத்தில் இன்னொருத்தியோடு படுக்க இவருக்கு மனம் வரவில்லை. அதில் தப்பு சொல்லவும் எனக்கு வழியில்லை. கோபம் வந்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். மரியாதையாக நடத்துகிற ஒருவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

இதற்கிடையே உனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. அடுத்த தெருவிலிருந்து அத்தை வந்து பார்த்துவிட்டு உடனே தீர்ப்புச் சொன்னார்: "சூட்டு உடம்பு. எங்கப்பாவுக்கு இருந்துச்சு, அண்ணனுக்கு இருக்கு, இப்ப இவனுக்கு. உள்ள இருக்கிற சூட்டை எறக்கணும்." அன்றிலிருந்து நம் வீட்டில் பார்லி கொதிக்காத நாள் இல்லை. சீரகத் தண்ணீர், மோர், வெந்தயம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். மாம்பழம் கூடாது, கோழி கூடாது, உனக்குப் பிடித்த மிளகாய்ச் சம்பல் கூடவே கூடாது. ஒருநாள் பார்லி அடிபிடித்துவிட்டது. "பி.ஏ. படிச்சவங்களுக்குப் பார்லி காய்ச்சத் தெரியலையே!" என்றார் அத்தை. நீ டம்ளரை மூக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சித்தி, இதைப் பூச்செடிக்கு ஊத்தினா செடிக்குச் சூடு எறங்குமா?" என்று கேட்டாய். உன் அப்பா மட்டும் மறுபேச்சில்லாமல் குடித்தார். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். நான் என் கையால் கொடுத்த எதையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதையும் நான் மரியாதைக் கணக்கில்தான் சேர்த்தேன்.

நம்மவர்கள் 'சூடு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ காரியம் பார்க்கிறோம். வெயிலும் சூடு, அப்பளமும் சூடு, பலாப்பழமும் சூடு. அதனால் ஒருவனுக்கு வியர்த்தால் அவன் என்ன சாப்பிட்டான் என்றுதான் கேட்கிறோம், எதன்மேல் படுத்தான் என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் நான் பள்ளியில் பூகோளத்தோடு உடல்நலப் பாடமும் எடுத்துக்கொண்டிருந்தேன். வியர்வை ஆவியாகும்போதுதான் தோல் குளிர்கிறது, காற்றுப் போக்குவரத்து இல்லாவிட்டால் குளிராது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவள், வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் உறைக்கு மேல் கஞ்சி போட்ட விரிப்பை இழுத்து மடித்துவிட்டுக் கொண்டிருந்தேன்.

உன் தங்கச்சி வயிற்றில் இருந்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அதுவரை நான் குளிர்ந்த உடம்புக்காரி. ஃபேன் வேகமாகச் சுற்றினால் போர்வை தேடுவேன். ஐந்தாம் மாதம் தொடங்கியதும் உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டியது மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து, நீ ஃபேரர் பார்க் திடலுக்குப் பந்து விளையாடப் போயிருந்தாய். உன் அப்பா கூடத்தில் பாயில் படுத்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகு நனைந்து, ரவிக்கை ஒட்டி, விரிப்பு ஒட்டி, திரும்பிப் படுத்தால் பிளாஸ்டிக் தோலோடு வருகிற மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்து எழுந்து, கூடத்துக்குப் போய், வெறும் சிமெண்டுத் தரையில், அவருடைய பாய்க்கு ஒரு முழம் தள்ளிப் படுத்துவிட்டேன். அப்போது எனக்கு வெட்கமும் தோன்றவில்லை, வேறெதுவும் தோன்றவில்லை. தரை ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

செய்தித்தாள் கீழே இறங்கியது. உன் அப்பா என்னைப் பார்த்தார்.

"உனக்குமா?" என்றார்.

எனக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. "உனக்குன்னு சொன்னீங்களா?" என்று கேட்டேன். பரீட்சைத் தாளில் பிழை கண்டது மாதிரி.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க. சட்டுன்னு வந்துடுச்சு. உங்களுக்கும் வேகுதான்னு கேட்டேன்."

"உங்களுக்கு வேகுமா?"

"எனக்கா? அந்த மெத்தையில படுத்தா இட்லிச் சட்டியில வச்ச மாதிரி. மூடி ஒண்ணுதான் பாக்கி."

"அதனாலயா இங்க வந்து படுக்கிறீங்க?"

"வேற எதனால?"

என் பார்வை அறைப் பக்கம், படத்தின் பக்கம் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அவ இருந்தப்பவும் நான் தரையிலதான். நான் பாயை எடுத்தா அவளும் பின்னாலயே ஒரு பாயைத் தூக்கிக்கிட்டு வந்துடுவா. நான் கூப்பிட்டதே இல்லை. அப்படியே பழகிப்போச்சு. நீங்க வரலை. மெத்தைதான் உங்களுக்குப் பிடிச்சிருக்கு, அதுவும் உங்கப்பா ஆசையா குடுத்தது, படிச்சவங்களைத் தரையில படுங்கன்னு எப்படிக் கூப்பிடறதுன்னு விட்டுட்டேன்."

"நான் உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்" என்றேன்.

"பிடிக்காமலா அந்தப் பார்லித் தண்ணியக் குடிச்சேன்?" என்றார் உன் அப்பா.

நீ பந்தோடு திரும்பி வந்தபோது நாங்கள் இருவரும் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தோம். "அய்யோ, தாத்தா திட்டப்போறாரு!" என்று கத்தினாய். தாத்தாவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. பயந்துகொண்டேதான் போனேன். அவர் கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் தன் கேன்வாஸ் கட்டிலில் சாய்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கென்னம்மா தெரியும், நான் அதுல படுத்தா பார்த்தேன்? படிச்ச பொண்ணு தரையில படுக்கக் கூடாதுன்னு வாங்குனேன்" என்றார். பிறகு, "வேகுதுன்னா எடுத்துப் போட்டுட வேண்டியதுதானே, இதுக்கா பஸ் ஏறி வந்தே?" என்றார். மெத்தை இரண்டாக வெட்டப்பட்டு, துணி உறை தைத்து, கூடத்தில் உட்காரும் இருக்கையானது. அதில் உட்கார்ந்துதான் நீ பரீட்சைக்குப் படித்தாய்.

அதன் பிறகு நானாகப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவற்றை உனக்குச் சொல்லிவிடுகிறேன். உனக்கு இவை தேவைப்படும். துணி வாங்கும்போது பெயரைக் கேட்டு ஏமாறாதே. விரிப்பை வாயருகே பிடித்து ஊதிப் பார். மறுபக்கம் உள்ளங்கையில் மூச்சுப் பட்டால் வாங்கு. நைலானில் படாது. பளபளவென்று நெருக்கமாக நெய்த புதுப் பருத்தியிலும் அவ்வளவாகப் படாது. மெல்லிய பருத்தி, அதுவும் பலமுறை துவைத்து நைந்தது, எல்லாவற்றையும்விட நல்லது. உன் அப்பாவின் பழைய வேட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்து உன் பெட்டியில் வைத்திருக்கிறேன். சிரிக்காதே, விரித்துப் படுத்துவிட்டுச் சொல். டோபிக்குப் போட்டால் கஞ்சி வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லிவிடு. கஞ்சி நூலுக்கு நடுவிலிருக்கும் ஓட்டையை எல்லாம் அடைத்துவிடும்.

மெத்தை வேண்டுமென்றால் இலவம்பஞ்சிலோ பருத்திப் பஞ்சிலோ, மெலிதாக, கெட்டியாக இருக்கட்டும். உடம்பு உள்ளே புதைகிற மெத்தை மூன்று பக்கமும் உன்னைச் சுற்றிக்கொள்ளும், காற்று எங்கிருந்து வரும்? கட்டிலுக்கு முழுப் பலகை அடிக்காமல் பிரம்பு பின்னியதாகவோ, இடைவெளி விட்டுச் சட்டம் போட்டதாகவோ பார். மெத்தை அடியிலிருந்தும் மூச்சு விட வேண்டும். மேலே மெங்குவாங் என்கிற தாழையோலைப் பாய் ஒன்றை விரித்து, அதன்மேல் வேட்டியை விரி. கேலாங் செராய் சந்தையில் மலாய்க்காரப் பெண்கள் விற்கிறார்கள். கையால் தடவினால் வழவழவென்று, மடித்தால் உடையாமல் இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்த படுக்கையை எடுத்த சூட்டோடு விரிக்காதே. சாயங்காலமே உள்ளே கொண்டுவந்து ஆற விடு. புது ஃப்ளாட்டில் படுக்கையறையின் ஒரு சுவர் மேற்கே பார்க்கிறது. நான் போனபோது சாயங்காலம் அதில் கை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. கட்டிலை அந்தச் சுவரில் ஒட்டிப் போடாதே. ரப்பர் தலையணை வேண்டவே வேண்டாம். கட்டிக்கொண்டு படுக்கும் நீளத் தலையணை ஒன்று வைத்துக்கொள். கைகால் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் பாதி வியர்வை குறையும். கொசுவலை கண் பெரியதாக, பருத்தியில் இருக்கட்டும். பார்லித் தண்ணீர் உன் இஷ்டம்.

மல்லிகா உன் மாதிரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கவனித்தாயா, ஃபேனை அவள் அப்பா மூன்றில் வைத்தார், அவள் பேச்சோடு பேச்சாக எழுந்து போய் ஒன்றில் வைத்துவிட்டு, முந்தானையைத் தோளில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பழைய என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஆனால் என்னைவிட வாயுள்ள பெண். "டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல நாள் பூரா மத்தவங்க பேச லைன் போட்டுக் குடுக்கிறேன் அத்தை, வீட்டுக்கு வந்தா உங்க பிள்ளை பேசவே மாட்டேங்கிறாரே, அவருக்கு எந்த லைனைப் போடறது?" என்று சமையலறையில் என்னிடம் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

அதனால்தான், மெத்தை வேண்டாம் என்று அவள் அப்பாவிடம் நான் சொல்லப்போவதில்லை. எனக்குக் கூச்சம் என்பது ஒரு காரணம். அது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதைவிட, உனக்கு வேகும் என்பது அவளுக்குத் தெரியாமல் அவள் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. நீயே அவளிடம் சொல். சூட்டு உடம்பு என்று சொல், இட்லிச் சட்டி என்று சொல், எப்படி வேண்டுமானாலும் சொல். அவள் அவள் அப்பாவிடம் பேசிக்கொள்வாள். ஆசையாக வாங்கும் அப்பாக்கள் மெத்தைக்காக வாங்குவதில்லை. பெண் சௌகரியமாக இருக்க வேண்டும் என்று வாங்குகிறார்கள். காரணத்தைச் சொன்னால் கடைக்காரனிடம் மாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு நடைதான். அப்படியும் அவருக்கு அந்த மெத்தையேதான் கொடுக்க வேண்டும் என்றிருந்தால் வாங்கிக்கொள். உறையை மட்டும் வந்த அன்றே, இரண்டு பேருமாகச் சேர்ந்து வெட்டிவிடுங்கள். அதுவே ஒரு நல்ல தொடக்கம்.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். உன் அம்மா பாயைத் தூக்கிக்கொண்டு தானாகப் பின்னால் வந்தாள். அவளுக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. மல்லிகா எந்த மாதிரி என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்ல விரிப்பும் நல்ல பாயும் இருந்தாலும் இந்த ஊரில் சில இரவுகள் யாருக்கும் தாங்காது, நீ தரைக்கு இறங்கத்தான் போகிறாய். இறங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேலாங் செராயில் ஒற்றைப் பாய் வாங்காதே. இரண்டு பேர் படுக்கிற பாயாக வாங்கு. கட்டிலை விட்டு எழும்போது சத்தமில்லாமல் எழாதே. அவள் தூங்கிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, எழுப்பு. எழுப்பி, "வேகுது, கீழ போறேன், நீயும் வர்றியா?" என்று கேள். வரமாட்டேன் என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாலும் சரி. கேட்டுவிட்டுப் போ.

உன்
சித்தி